மேஸ்திரியைச் சரிக்கட்டுவதா, மாற்றுவதா?

சில மாதங்களாக ஒரே கேள்வி பல இடங்களிலிருந்து நமக்கு வந்துகொண்டிருக்கிறது. சங்க ஆபீசில் இருக்கும் கம்ப்யூட்டரை என்ன செய்வது? பிள்ளைக்குச் சர்க்கார் கொடுத்த லேப்டாப்பை என்ன செய்வது? விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டது என்று திரையில் எழுத்து வந்து நிற்கிறது. கடைக்காரர் புதிது வாங்கச் சொல்கிறார். தெருவில் விவரம் தெரிந்த பையன், "அதெல்லாம் வேண்டாம், உள்ளே கொஞ்சம் மாற்றிவிட்டால் இன்னும் நாலு வருஷம் ஓடும்" என்கிறான். காலேஜில் படிக்கும் இன்னொரு பையன், "விண்டோஸையே கழற்றிப் போட்டுவிட்டு லினக்ஸ் போடுங்கள், காசே வேண்டாம்" என்கிறான். மூவரில் யார் சொல்வது சரி?

ரிங் பிரேமில் இருபது வருஷம் சைடராக நின்ற ஒரு தோழர் நம்மிடம் கேட்டார்: "ஏனுங் தோழர், மிஷின் நல்லாத்தானே ஓடுது? பேரிங் போச்சா, ஸ்பிண்டில் போச்சா? ஒண்ணும் போகாம எப்படிங்க ஆயுசு முடிஞ்சுதுன்னு சொல்றாங்க?" இதைவிடச் சரியாக இந்தக் கேள்வியை யாராலும் கேட்க முடியாது. அவருக்குச் சொன்ன பதிலைத்தான் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறோம்.

இது படித்தவர்கள் விவகாரம், நமக்கென்ன என்று ஒதுங்கவும் முடியாது. பி.எப். கணக்கு கம்ப்யூட்டரில் இருக்கிறது. பட்டா கம்ப்யூட்டரில் இருக்கிறது. ரேஷன் அட்டையும் கிராமத்து வேலையின் கூலிக் கணக்கும் அதில்தான் இருக்கின்றன. நமது சங்கத்தின் மெம்பர் ரிஜிஸ்தரே இப்போது நோட்டுப் புத்தகத்தில் இல்லை.

ஆபரேட்டிங் சிஸ்டம் என்றால் என்ன? மில் தொழிலாளிக்கு ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்: மேஸ்திரி. கம்ப்யூட்டருக்குள் கணக்குப் போடும் சிப் ஒரு பக்கம், விவரங்களைச் சேர்த்து வைக்கும் பெட்டி ஒரு பக்கம், திரை, கீபோர்டு, பிரிண்டர் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம். கடிதம் அடிக்க ஒரு புரோகிராம், கணக்கு எழுத ஒன்று, இண்டர்நெட் பார்க்க ஒன்று என்று நாம் வைத்திருக்கிறோம். எந்தப் புரோகிராமுக்கு எந்த யந்திரம், எவ்வளவு நேரம், எந்தக் கதவை யாருக்குத் திறப்பது, யாருக்குச் சாத்துவது என்பதையெல்லாம் நின்று நடத்துவது ஆபரேட்டிங் சிஸ்டம். மேஸ்திரி இல்லாமல் ஷிப்டு ஓடாது. அந்த மேஸ்திரி யார் சொல்லுக்குக் கட்டுப்பட்டவன் என்பதுதான் கேள்வி.

விண்டோஸ் அமெரிக்காவின் மைக்ரோசாப்ட் கம்பெனியுடைய மேஸ்திரி. நாம் விலை கொடுத்து வாங்கியது யந்திரத்தை மட்டுமே. மேஸ்திரியை யாரும் நமக்கு விற்கவில்லை. அந்தக் கம்பெனியின் உரிமப் பத்திரமே இதைத் தெளிவாகச் சொல்கிறது: இது விற்பனை அல்ல, உபயோகிக்க அனுமதி. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று நாம் பார்க்க முடியாது. பார்க்க முடியாததைத் திருத்தவும் முடியாது. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு பிரதி கொடுத்தால் அது குற்றம்.

விண்டோஸ் 10 வந்தது 2015 ஜூலையில். 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வந்தது. வரும்போதே நிபந்தனையோடு வந்தது. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாடு யந்திரத்தில் இருக்க வேண்டும். இன்டெல் சிப் என்றால் ஏறக்குறைய 2017-க்குப் பின் வந்த எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். பழைய யந்திரம் எவ்வளவு நன்றாக ஓடினாலும் அதில் நான் நிற்க மாட்டேன் என்கிறான் புதிய மேஸ்திரி. பிறகு 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வந்துகொண்டிருந்த இலவசப் பழுதுபார்ப்பு நின்றது. இந்த ஏற்பாட்டினால் உலகெங்கும் சுமார் 24 கோடி கம்ப்யூட்டர்கள் குப்பைக்குப் போகக்கூடும் என்று கனாலிஸ் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் 2023-லேயே கணக்கிட்டது. பேரிங் போகாத, ஸ்பிண்டில் போகாத 24 கோடி யந்திரங்கள்!

கெடு நெருங்கியபோது கம்பெனி ஒரு வருஷ நீட்டிப்புக்கு விலை வைத்தது. 30 டாலர் கட்டலாம். அல்லது உங்கள் கம்ப்யூட்டரின் அமைப்பு விவரங்களைக் கம்பெனியின் கணக்கில் சேமிக்க ஒப்புக்கொண்டால் காசு வேண்டாம். 2026 அக்டோபர் 13 வரை என்று அதற்குத் தேதி குறித்தது. ஐரோப்பாவில் நுகர்வோர் அமைப்புகள் எதிர்த்துக் குரல் கொடுத்தன. 2025 செப்டம்பரில் கம்பெனி அங்குள்ள நாடுகளுக்கு மட்டும் இறங்கி வந்தது: காசும் வேண்டாம், அந்த நிபந்தனையும் வேண்டாம், கணக்கு ஒன்று இருந்தால் போதும் என்றது. அதே விண்டோஸ், அதே ஓட்டை, அதே அடைப்பு. கூடிக் கேட்டவனுக்கு ஒரு விலை, கேளாதவனுக்கு ஒரு விலை. இது நமக்குப் புதிதல்ல.

ஆதரவு முடிந்தால்தான் என்ன, ஓடும்வரை ஓடட்டும் என்று சிலர் சொல்கிறார்கள். அது ஆபத்தான பேச்சு. இவ்வளவு பெரிய புரோகிராமில் ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். அவற்றை அடைத்துக்கொண்டே இருப்பதுதான் ஆதரவு. 2017 மே மாதத்தில் வான்னாக்ரை என்ற நச்சுப் புரோகிராம் உலகம் முழுவதும் பரவியது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. பிரிட்டனில் ஆஸ்பத்திரிகளின் வேலை ஸ்தம்பித்தது. கேரளத்தில் வயநாட்டுப் பஞ்சாயத்து ஆபீஸ் கம்ப்யூட்டர்கள்கூடத் தப்பவில்லை. அந்த ஓட்டைக்கான அடைப்பு அதே வருஷம் மார்ச்சிலேயே வந்துவிட்டது. போட்டுக்கொள்ளாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அடைப்பே வராத யந்திரத்தில் மெம்பர் ரிஜிஸ்தரை வைத்திருப்பது, தாழ்ப்பாள் இல்லாத பெட்டியில் சந்தாப் பணத்தை வைப்பதற்குச் சமம்.

இனித் தெருப் பையனின் யோசனைக்கு வருவோம். அவன் சொல்வது பொய்யல்ல. விண்டோஸின் உள் பதிவேட்டில் சில வரிகளை மாற்றினால் பழைய யந்திரத்திலும் விண்டோஸ் 11 ஏறும். வேண்டாத விளம்பரங்களை நீக்கலாம், பின்னாலிருந்து கம்பெனிக்குச் செய்தி அனுப்பும் வேலைகளைக் குறைக்கலாம், கம்பெனிக் கணக்கு இல்லாமலே உள்ளே நுழையலாம். இதற்கெல்லாம் வழி கண்டுபிடித்த பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். அவர்களை நாம் குறை சொல்லவில்லை. காசில்லாதவன் ஓட்டுப் போட்டுத்தான் வண்டியை ஓட்ட வேண்டியிருக்கிறது.

ஆனால் இந்தத் தந்திரங்களின் ஆயுளைப் பாருங்கள். ஏற்காத யந்திரத்தில் ஏற்றும் வழியை 2021-ல் மைக்ரோசாப்ட் கம்பெனியே தன் உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தது. 2025 தொடக்கத்தில் அதை எடுத்துவிட்டது. கணக்கில்லாமல் நுழைய ஒரு சின்னக் கட்டளை இருந்தது. 2025 மார்ச்சில் சோதனைப் பதிப்புகளில் அதையும் நீக்கியது. வேறு வழி கண்டார்கள். அதே வருஷம் அதையும் அடைக்கத் தொடங்கியது. 2024 ஏப்ரலில் ஸ்டார்ட் மெனுவுக்குள்ளேயே சிபாரிசு என்ற பேரில் விளம்பரம் வந்தது. அதை அணைக்க ஒரு சுவிட்ச் இருக்கிறது, உண்மைதான். எங்கே சுவிட்ச் வைப்பது, எப்போது எடுப்பது என்பது யார் கையில் இருக்கிறது? மேஸ்திரிக்கு டீ வாங்கிக் கொடுத்து இன்றைக்கு நல்ல பிரேம் வாங்கிவிடலாம். நாளைக்கு ஆபீசிலிருந்து வேறு உத்தரவு வரும்.

நமக்கு நேர்ந்த ஒரு விஷயத்தையும் ஒளிக்காமல் சொல்கிறோம். நாம் பொறுப்பிலிருந்த ஒரு சங்க ஆபீசில் கம்ப்யூட்டர் மாடுபோல் படுத்துவிட்டது. நல்ல பையன் ஒருவன் வந்து, எங்கிருந்தோ இறக்கிய ஒரு கட்டளைத் தொகுப்பை ஓட்டி, "வேண்டாதது" என்று பட்டதையெல்லாம் கழற்றினான். யந்திரம் பறந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். மூன்று மாதம் கழித்து, போனஸ் பேச்சுவார்த்தைக்கு முந்தின இரவு, சம்பளப் பட்டியல்களை அச்சடிக்க உட்கார்ந்தோம். பிரிண்டர் அசையவில்லை. கழற்றிப் போட்டவற்றில் அதற்கு வேண்டிய ஏதோ ஒன்றும் போயிருக்கிறது. எது என்று நமக்குத் தெரியாது. பையன் வேலை கிடைத்துப் பெங்களூர் போய்விட்டான், அவனுக்கும் நினைவில்லை. விடிய விடியக் கார்பன் தாள் வைத்து, எட்டு வருஷக் கணக்கைக் கையால் எழுதினோம். தப்பு அந்தப் பையனுடையதல்ல. என்ன மாற்றினாய் என்று ஒருவரும் உட்கார்ந்து கேட்கவில்லை, எழுதி வைக்கவில்லை. அது நம் தப்பு.

அவன் அன்று லினக்ஸ் போட்டுவிட்டுப் போயிருந்தாலும் நமக்கு அதே கதிதான் நேர்ந்திருக்கும். இதை மறந்துவிட்டு லினக்ஸைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

லினக்ஸ் எங்கிருந்து வந்தது? கதை ஒரு பிரிண்டரில்தான் தொடங்குகிறது. அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற பெரிய தொழில்நுட்பக் கல்விக்கூடத்தில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்று ஒருவர் வேலை பார்த்தார். அங்கே பிரிண்டரில் காகிதம் சிக்கிக்கொண்டால் உடனே எல்லோருக்கும் செய்தி போகும்படி அவர் புரோகிராமைத் திருத்தி வைத்திருந்தார். 1980 வாக்கில் ஜெராக்ஸ் கம்பெனி புதிய லேசர் பிரிண்டர் ஒன்று கொடுத்தது. அதிலும் காகிதம் சிக்கியது. திருத்தலாம் என்றால் மூலம் இல்லை. மூலம் வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்துக்காரரிடம் போய்க் கேட்டார். யாருக்கும் கொடுப்பதில்லை என்று கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று அவர் மறுத்துவிட்டார். பழுது கண் முன்னால் இருக்கிறது, பழுது பார்க்கத் தெரிந்தவன் நிற்கிறான், ஆனால் தொடக்கூடாது! மில்லில் ஒரு பிட்டருக்கு இப்படி நேர்ந்தால் எப்படி இருக்கும்?

1983 செப்டம்பரில் ஸ்டால்மன், எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிரதி எடுத்துக் கொடுக்கலாம் என்ற உரிமையோடு ஒரு முழு ஆபரேட்டிங் சிஸ்டத்தை எழுதப்போவதாக அறிவித்தார். அதன் பெயர் க்னூ. அதற்கென்று 1989-ல் ஒரு உரிமப் பத்திரமும் எழுதினார். அதன் சாரம் இதுதான்: நான் உனக்குக் கொடுத்த உரிமைகளையெல்லாம், நீ இதை அடுத்தவனுக்குக் கொடுக்கும்போது அவனுக்கும் கொடுக்க வேண்டும், நடுவில் வேலி போட்டு அடைத்துக்கொள்ளக் கூடாது. பின்லாந்தின் ஹெல்சிங்கி நகரில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் 1991-ல் எழுதி வெளியிட்ட மையப் பகுதிதான் லினக்ஸ். இரண்டும் சேர்ந்து முழு மேஸ்திரியாயின.

விவசாயத் தொழிலாளிக்கு இதை விளக்கவே வேண்டாம். அறுத்த நெல்லில் நல்லதாகப் பார்த்து விதைக்கு எடுத்து வைத்து, கேட்டவருக்கு ஒரு மரக்கால் கொடுத்து வந்தது நம் ஊர் வழக்கம். 2019-ல் குஜராத்தில் உருளைக்கிழங்கு விவசாயிகள் மீது, தன் பதிவு செய்த ரகத்தை அனுமதியில்லாமல் பயிரிட்டார்கள் என்று பெப்சி கம்பெனி வழக்குப் போட்டது. எதிர்ப்புக் கிளம்பியதும் வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டது. விதைக்குப் போட்ட வேலி எதுவோ, அதுதான் புரோகிராமுக்குப் போட்ட வேலியும்.

அதற்காக லினக்ஸைப் பொன்னுலகம் என்று நினைத்து ஏமாறவும் வேண்டாம். இன்று அதன் மையப் பகுதிக்கு வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெரிய கம்பெனிகளில் சம்பளம் வாங்குகிறவர்கள். 2001-ல் லினக்ஸைப் புற்றுநோய் என்று சொன்னவர் மைக்ரோசாப்டின் தலைவர் ஸ்டீவ் பால்மர்; அதே மைக்ரோசாப்ட் 2016-ல் லினக்ஸ் பவுண்டேஷனில் சந்தா கட்டி உறுப்பினரானது. நம் சட்டைப் பையிலுள்ள ஆண்ட்ராய்டு போனின் அடியில் ஓடுவதும் லினக்ஸ்தான். அதன் மேல் கூகுள் கம்பெனி தன் வீட்டைக் கட்டிப் பூட்டுப் போட்டு வைத்திருக்கிறது. அஸ்திவாரம் பொது என்பதால் மட்டும் வீடு நம்முடையதாகிவிடாது. இருந்தாலும் ஒரு வித்தியாசம் நிற்கிறது. விண்டோஸைக் கற்றுக்கொண்டு பத்துப் பேர் கூடினாலும் உள்ளே கைவைக்க முடியாது. லினக்ஸில் பத்துப் பேர் கூடினால் முடியும். அந்தப் பத்துப் பேர் கூடினார்களா, இல்லையா என்பதில்தான் ஒவ்வொரு ஊரின் வெற்றியும் தோல்வியும் இருந்திருக்கிறது.

ஜெர்மனியில் ம்யூனிச் நகரசபை 2003 மே மாதத்தில் விண்டோஸை விட்டு லினக்ஸுக்கு மாறுவதென்று தீர்மானம் போட்டது. அதைத் தடுக்க பால்மர் தன் விடுமுறையை நடுவில் நிறுத்திவிட்டு ம்யூனிச்சுக்கு ஓடி வந்து மேயரைப் பார்த்தார். விலையையும் குறைத்தார்கள். நகரசபை அசையவில்லை. பத்து வருஷம் பாடுபட்டு, 2013-க்குள் சுமார் 15,000 கம்ப்யூட்டர்களை மாற்றினார்கள். உலகமே அந்த ஊரைப் பார்த்தது. பிறகு? 2014-ல் புது மேயர் வந்தார். 2016-ல் மைக்ரோசாப்டின் ஜெர்மன் தலைமையகம் ம்யூனிச் நகருக்குள் புதுக் கட்டடத்துக்குக் குடியேறியது. 2017-ல் நகரசபை மறுபடியும் விண்டோஸுக்கே போவதென்று தீர்மானித்தது.

முதலாளி சூழ்ச்சி என்று ஒரு வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். அது பாதிதான். அந்த ஊர் ஊழியர்களிடமிருந்தே புகார்கள் வந்தன: வெளியிலிருந்து வரும் கடிதங்கள் சரியாகத் திறப்பதில்லை, பழுது சொன்னால் யாரும் சீக்கிரம் வருவதில்லை என்றார்கள். கம்ப்யூட்டர் வேலை பல இலாகாக்களில் சிதறிக் கிடந்தது. மேலே நிபுணர்கள் நன்றாகத்தான் கட்டினார்கள். கீழே உட்கார்ந்து கடிதம் அடிக்கும் ஊழியருக்கு அது தன்னுடையது என்று தோன்றவில்லை. தன்னுடையது என்று தோன்றாத ஒன்றைப் பிடுங்க வந்தபோது அவர் காக்கவும் வரவில்லை.

கேரளத்தில் நடந்தது வேறு. அங்கே 2000-களின் தொடக்கத்தில் பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் பாடம் வந்தபோது, அது மைக்ரோசாப்டின் சரக்கைச் சுற்றியே இருந்தது. ஆசிரியர் இயக்கத்திலிருந்தே எதிர்ப்புக் கிளம்பியது. ஒரு கம்பெனியின் பொருளை விற்கும் பாடத்தை நாங்கள் நடத்த மாட்டோம் என்றார்கள். எதிர்ப்போடு நிற்கவில்லை. ஆசிரியர்கள் தாமே லினக்ஸைக் கற்றார்கள். கற்றவர் பக்கத்துப் பள்ளிக்காரருக்குக் கற்பித்தார். யந்திரத்தைக் கழற்றிப் பழுது பார்க்கவும் பழகினார்கள். 2006-க்குப் பிந்தைய வருஷங்களில் பாடம், பரீட்சை எல்லாமே சுதந்திர மென்பொருளுக்கு மாறின. 2018-ல் லிட்டில் கைட்ஸ் என்று பள்ளிப் பிள்ளைகளின் கம்ப்யூட்டர் மன்றங்களைத் தொடங்கினார்கள். 2,000-க்கு மேற்பட்ட பள்ளிகள், ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள். 2019-ல் இரண்டு லட்சம் பள்ளிக் கம்ப்யூட்டர்களுக்குத் தங்களுடைய லினக்ஸின் புதிய பதிப்பைப் போட்டு, 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று கணக்குக் காட்டினார்கள். கடை விலைப்படி எல்லாவற்றையும் வாங்கியிருந்தால் என்று போட்ட கணக்கு அது. சற்றுத் தாராளமான கணக்குதான். பணம் இருக்கட்டும். கண்ணூரிலோ ஆலப்புழையிலோ ஒரு பள்ளியில் யந்திரம் நின்றால், சரிசெய்ய அந்தப் பள்ளியிலேயே ஆள் இருக்கிறார். இது மாதிரி ஆட்களை எந்தக் கம்பெனியும் பெட்டியில் போட்டு விற்பதில்லை.

நம் மாநிலத்தில் என்ன நடந்தது? 2007 வாக்கில் எல்காட் தன் கம்ப்யூட்டர்களை லினக்ஸுக்கு மாற்றி நல்ல ஆரம்பம் செய்தது. அதிகாரி மாறினார், வேகமும் மாறிவிட்டது. 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த பல லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. அது மத்திய சர்க்காரின் சிடாக் நிறுவனம் உருவாக்கியது. பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், "அந்தப் பக்கம் ஒரு நாளும் போனதில்லை" என்பார்கள். போகச் சொல்லி ஆசிரியருக்கே யாரும் சொல்லவில்லை. மேஸ்திரியை மாற்றும் அதிகாரம் நம் வீட்டுக்குள்ளேயே வந்து பத்து வருஷம் தூங்கியிருக்கிறது.

தூரத்திலிருந்து கயிற்றை இழுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. குஜராத்தின் வாடினாரில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா கம்பெனியில் ரஷ்யக் கம்பெனிக்குப் பெரும் பங்கு உண்டு. 2025 ஜூலையில் ஐரோப்பிய யூனியன் அதன்மேல் தடை விதித்தது. உடனே மைக்ரோசாப்ட் அந்த ஆலையின் ஈமெயில் முதலிய சேவைகளை நிறுத்திவிட்டது. இந்தியாவில் ஓடும் ஆலை; இந்தியச் சட்டப்படி தடை எதுவும் இல்லை; கட்டணமும் கட்டியாகிவிட்டது. டெல்லி ஹைகோர்ட்டுக்குப் போன பிறகு சேவையைத் திருப்பிக் கொடுத்தது. நயாரா முதலாளிகளுக்காக நாம் கண்ணீர் விடவில்லை. அவர்களுக்கு வக்கீல் இருக்கிறார். நம் சங்கத்துக்கு நேர்ந்தால் யார் ஹைகோர்ட்டுக்குப் போவது?

ஆகவே நம் அபிப்பிராயம் இதுதான்: மாற வேண்டும். ஆனால் ஒரே இரவில் அல்ல, ஒரே பையனை நம்பியும் அல்ல.

வழி ஒன்று இருக்கிறது. போலீஸ்காரர்களிடம் நாம் பாடம் கேட்பது அபூர்வம். இந்த ஒரு விஷயத்தில் கேட்கலாம். பிரான்சு நாட்டின் ஜாந்தர்மெரி என்ற போலீஸ் படை 2005-ல் விண்டோஸை வைத்துக்கொண்டே கடிதம், கணக்கு எழுதும் புரோகிராமை மட்டும் ஓபன் ஆபீசுக்கு மாற்றியது. அடுத்து இண்டர்நெட் பார்க்கும் புரோகிராமை மாற்றியது. கை பழகிய பிறகு 2008-லிருந்து அடியிலுள்ள விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் வைத்தது. மேலே தெரிவது அதே புரோகிராம்கள்தான் என்பதால் பெரிய கலவரமில்லை. நம் சங்க ஆபீசிலும் நாளைக்கே விண்டோஸின் மேலேயே லிபர் ஆபீசையும் பயர்பாக்ஸையும் போட்டு ஆறு மாதம் பழகலாம். இரண்டுக்கும் காசில்லை.

தமிழ் எழுத்துதான் நமக்கு உண்மையான முள். பாமினி, வானவில் என்று பழைய எழுத்துருக்களில் அடித்து வைத்த சுற்றறிக்கைகளும் ஒப்பந்த நகல்களும் நம்மிடம் மலைபோல் இருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத யந்திரத்தில் திறந்தால் இங்கிலீஷ் எழுத்துகள் குப்பை கொட்டியதுபோல் வரும். லினக்ஸ் போட்டதால் தமிழ் போய்விட்டது என்று உடனே சொல்லிவிடுவார்கள். லினக்ஸ் மேல் பழியில்லை. விண்டோஸ் உள்ள பக்கத்து ஆபீசுக்கு அனுப்பினாலும் அதே குப்பைதான். 2010-லேயே தமிழக சர்க்கார் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. தமிழ்99 விசைமுறையும் லினக்ஸில் வேலை செய்கிறது. பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றித் தரும் புரோகிராம்கள் இருக்கின்றன. ஆனாலும் ஒருவர் உட்கார்ந்து, மாறி வந்ததை மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சம்பள ஒப்பந்தத்தில் ஒரு எழுத்துப் பிசகினால் என்னாகும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. எப்படியும் செய்தாக வேண்டிய வேலை இது.

மாற்றவே கூடாத இடங்களும் உண்டு. டாலி போட்டுக் கணக்கு எழுதும் ஆபீஸ், கைரேகை யந்திரம் அல்லது டிஜிட்டல் கையெழுத்து வைத்து வேலை செய்யும் சேவை மையம் போன்ற இடங்களில் சோதித்துப் பார்க்காமல் கைவைத்தால் அன்றே வேலை நிற்கும். சில மலிவு லேசர் பிரிண்டர்களும் லினக்ஸோடு முரண்டு பிடிக்கும். அங்கெல்லாம் இப்போதைக்கு ஓட்டுப் போட்டே ஓட்டட்டும்; ஆனால் எங்கே என்ன ஓட்டுப் போட்டோம் என்று ஒரு நோட்டில் தேதியோடு எழுதட்டும். பி.எப். போன்றவற்றைப் பார்ப்பதற்கு பயர்பாக்ஸ் போதும், அதற்கு விண்டோஸ் வேண்டியதில்லை.

ஒவ்வொரு சங்க ஆபீசிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென்று ஒதுக்குங்கள். காலேஜ் பையனைக் கூப்பிடுங்கள். தெருப் பையனையும் கூப்பிடுங்கள், இருவருக்கும் வேலை இருக்கிறது. லினக்ஸ் மின்ட்டை ஒரு பென் டிரைவில் போட்டு, யந்திரத்திலுள்ள எதையும் அழிக்காமல் அதிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். 4 ஜி.பி. நினைவகம் உள்ள பழைய லேப்டாப்பே போதும். பிரிண்டர் அச்சடிக்கிறதா, தமிழ் வருகிறதா, ஒய்-பை பிடிக்கிறதா என்று பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். பையன் செய்ய நாம் வேடிக்கை பார்ப்பது கூடாது. அவன் ஒரு முறை செய்து காட்டட்டும். இரண்டாவது லேப்டாப்பை ஒரு தொழிலாளி செய்யட்டும். மூன்றாவதை அவர் மகள் செய்யட்டும். மெம்பர் ரிஜிஸ்தரை முதலில் இரண்டு பிரதி எடுத்துத் தனியாக வைத்துவிட்டுத்தான் எதையும் தொட வேண்டும். பரணில் கிடக்கும் பிள்ளைகளின் லேப்டாப்பைத் தூசி தட்டி எடுத்து வருபவர்கள் சார்ஜரையும் மறக்காமல் எடுத்து வரவும்.